சிகரட்டை விட உதவியது எது? எழுபது வருட வரலாறு சொல்லும் பாடம்



நோன்பு நெருங்குகிறது. வழமைபோல இம்முறையும் நமதூரில் புகைத்தலுக்கு எதிரான பயான்கள், பதாதைகள், துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் இருக்கும். நல்ல விடயம்தான். ஆனால் பெருநாள் முடிந்து ஒரு கிழமைக்குள் அதே சந்தியில், அதே கடை வாசலில், அதே ஆட்கள் சிகரட்டும் கையுமாக நிற்பதை வருடா வருடம் பார்க்கிறோம். பகல் முழுக்க விட்டிருந்தவர், முப்பது நாள் தாக்குப்பிடித்தவர், ஏன் முப்பத்தைந்தாவது நாள் தோற்றுப்போகிறார்? "ஈமான் போதாது", "மனவுறுதி இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது நமக்கு லேசு. அவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

எல்லோருக்கும் ஒரே பேச்சு, ஒரே பிரசுரம் போதுமா? ஆளுக்கு ஆள் பார்த்து உதவ வேண்டுமா? அப்படி என்றால் எதைப் பார்த்து? இந்தக் கேள்வியை உலகம் சுமார் எழுபது வருடங்களாகக் கேட்டு, அளந்து, பிழைத்து, திருத்தி வந்திருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் எழுதுகிறேன். நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

*அறிவு வந்தது, பழக்கம் போகவில்லை*

1950ஆம் ஆண்டு இலண்டனில் ரிச்சர்ட் டோல், பிரட்போர்ட் ஹில் என்ற இருவர் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரட்டுக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தினார்கள். அதே வருடம் அமெரிக்காவில் வைண்டர், கிரஹாம் என்ற இருவரும் அதையே கண்டார்கள். 1951இல் டோலும் ஹில்லும் பிரித்தானிய வைத்தியர்களையே ஆய்வுக்கு எடுத்தார்கள். முப்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் வைத்தியர்களின் புகைத்தல் பழக்கத்தைப் பதிந்து, அவர்கள் எந்த நோயில் மரணிக்கிறார்கள் என்று ஐம்பது வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். டோல் அவர்களே புகைத்தவர்தான். தன் ஆய்வின் முடிவைக் கண்டு அவர் விட்டுவிட்டார்.

1962இல் இலண்டன் றோயல் வைத்தியர் கல்லூரி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் தலைமை வைத்திய அதிகாரி லூதர் டெரி தன் அறிக்கையை வெளியிட்டார். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. சிலர் விட்டார்கள். ஆனால் விஷயம் தெரிந்த பின்னரும் கோடிக்கணக்கானோர் தொடர்ந்து புகைத்தார்கள். தெரியாததால் புகைக்கிறார்கள், சொன்னால் விட்டுவிடுவார்கள் என்ற எண்ணம் அங்கேயே அடிபட்டுப் போனது. நமது பதாதைகளில் பாதி இன்னும் அந்த எண்ணத்தில்தான் எழுதப்படுகின்றன.

*ஐந்து இரவுகள்*

அறுபதுகளின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் "ஐந்து நாள் திட்டம்" என்று ஒன்று பிரபலமானது. செவந்த் டே அட்வன்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்தியது. மக்ஃபார்லண்ட் என்ற வைத்தியரும் ஃபோக்கன்பேர்க் என்ற போதகரும் சேர்ந்து உருவாக்கினார்கள். தொடர்ந்து ஐந்து மாலைகள் ஆட்களைக் கூட்டி, ஒரு வைத்தியரும் ஒரு மதபோதகரும் பேசுவார்கள். தண்ணீர் அதிகம் குடியுங்கள், கோப்பியைத் தவிருங்கள் என்ற மாதிரியான ஆலோசனைகளும் உண்டு. நாம் பள்ளிவாசலில் டொக்டரையும் மௌலவியையும் ஒரே மேடையில் வைத்து நடத்தும் நிகழ்ச்சியின் மூத்த சகோதரன் என்று சொல்லலாம்.

ஐந்தாம் நாள் இரவு மண்டபத்தில் இருந்த பெரும்பாலானோர் விட்டிருந்தார்கள். பிரச்சினை அதற்குப் பிறகு. மாதங்கள் போகப் போக அவர்களில் பெரும் பகுதியினர் திரும்பிப் போனார்கள். இது அந்தத் திட்டத்தின் குறை மட்டுமல்ல. 1971இல் ஹன்ட் என்பவரும் அவரது சகாக்களும் பல ஆய்வுகளைச் சேர்த்து ஒரு வரைபடம் போட்டார்கள். சிகரட், மது, ஹெரோயின் மூன்றிலும் விட்டவர்கள் திரும்பிப் போகும் கோடு ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தது. முதல் மூன்று மாதங்களில் செங்குத்தாக விழுகிறது, பிறகு மெதுவாகிறது. நமது பெருநாளுக்குப் பிந்திய கிழமைகள் அந்தச் செங்குத்தான பகுதிக்குள்தான் வருகின்றன.

*இரண்டு நிமிடப் பேச்சு*

அடுத்த திருப்பம் 1979இல், இலண்டனில். மைக்கல் ரஸல் என்ற மனநல வைத்தியர் மிக எளிமையான ஒன்றைச் சோதித்தார். ஐந்து மருத்துவ நிலையங்கள், 28 குடும்ப வைத்தியர்கள், 2138 புகைப்பவர்கள். நான்கு குழுக்கள். முதல் குழுவுக்கு ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் குழுவிடம் புகைத்தல் பற்றிய கேள்விக்கொத்து மட்டும் கொடுக்கப்பட்டது. மூன்றாம் குழுவுக்கு வைத்தியர் ஓரிரு நிமிடம் "விடுங்கள்" என்று சொன்னார். நான்காம் குழுவுக்கு அதே ஆலோசனையோடு ஒரு பிரசுரமும் கொடுத்து, "பிறகு உங்களைத் தொடர்புகொண்டு கேட்போம்" என்றும் சொல்லப்பட்டது.

முதல் மாதத்துக்குள் விட்டு, ஒரு வருடம் கழித்தும் விட்டபடி இருந்தவர்கள்: முதல் குழுவில் 0.3 வீதம், இரண்டாவதில் 1.6, மூன்றாவதில் 3.3, நான்காவதில் 5.1 வீதம்.

நூற்றுக்கு ஐந்து பேர்தானா என்று தோன்றும். ரஸலின் குழு வேறு விதமாகக் கணக்குப் பார்த்தது. பிரித்தானியாவின் எல்லாக் குடும்ப வைத்தியர்களும் இதைச் செய்தால் வருடத்துக்கு ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுவார்கள். செலவு கிட்டத்தட்ட இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். வெறும் கேள்விக்கொத்தைக் கொடுத்ததே சிலரை அசைத்திருக்கிறது. "திரும்ப வந்து கேட்போம்" என்ற வார்த்தையும் பிரசுரமும் சேர்ந்தபோது எண்ணிக்கை மேலும் கூடியிருக்கிறது.

*ஆளைப் பார்த்து அளவு*

இதே காலத்தில் சுவீடனில் இன்னொரு கதை. 1967இல் லுண்ட் நகரிலிருந்து ஓவே ஃபேர்னோ என்ற மருந்து விஞ்ஞானிக்கு ஒரு கடிதம் வந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் வைக்கும் புகையிலையால் சமாளிக்கிறார்கள் என்ற செய்தி அதில் இருந்தது. உடம்பு கேட்பது நிக்கோட்டினை, ஆளைக் கொல்வது புகையில் உள்ள மற்றவை. அப்படியென்றால் புகை இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைக்கலாமே? அப்படிப் பிறந்ததுதான் நிக்கோட்டின் சுவிங்கம். 1978இல் சுவிட்சர்லாந்து அதை அனுமதித்தது. 1982இல் இலண்டனில் ரஸலின் குழு 116 பேரிடம் சோதித்தபோது, ஒரு வருடத்தின் பின் நிக்கோட்டின் சுவிங்கம் பாவித்தவர்களில் 47 வீதமும், போலிச் சுவிங்கம் பாவித்தவர்களில் 21 வீதமும் விட்டிருந்தார்கள். இது கிளினிக்குக்குத் தொடர்ந்து வந்து உதவி பெற்றவர்களின் கணக்கு. போலிச் சுவிங்கத்தோடும் 21 வீதம் விட்டதற்கு அந்தக் கவனிப்பும் ஒரு காரணம்.

1978இலேயே கார்ல் ஃபாகர்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் உளவியலாளர், ஒருவர் நிக்கோட்டினுக்கு எவ்வளவு அடிமை என்பதை அளக்கச் சில கேள்விகளைத் தயாரித்தார். அதில் மிகப் பிரயோசனமான கேள்வி இது: காலையில் எழும்பி எத்தனை நிமிடத்தில் முதல் சிகரட்டைப் பற்றவைக்கிறீர்கள்? ஐந்து நிமிடத்துக்குள் என்பவரும் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு என்பவரும் ஒரே ஆள் அல்ல. பிறகு டென்மார்க்கில் டோனசன் என்பவர் 1988இல் காட்டினார்: கடும் அடிமையானவர்களுக்கு 2 மில்லிகிராம் சுவிங்கத்தைவிட 4 மில்லிகிராம்தான் தெளிவாக உதவியது.

"ஆளுக்கு ஏற்ற உதவி" என்பது முதன்முதலாக உண்மையில் வேலை செய்த இடங்களில் ஒன்று இது. பார்த்தது ஒரேயொரு விஷயத்தை: அவருடைய உடம்பு எவ்வளவு கேட்கிறது?

*படிநிலைகள் என்ற பெரிய நம்பிக்கை*

1983இல் ஜேம்ஸ் புரொச்சஸ்கா, கார்லோ டிக்ளமென்ட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், தாமாகவே விட முயன்ற 872 பேரைப் பார்த்து ஒரு கருத்தை வைத்தார்கள். விடுவது ஒரே நாளில் நடக்கும் காரியம் அல்ல. முதலில் விடும் எண்ணமே இல்லாத நிலை. பிறகு யோசிக்கும் நிலை. பிறகு செயலில் இறங்கும் நிலை. பிறகு காப்பாற்றிக்கொள்ளும் நிலை. ஒவ்வொரு நிலையில் இருப்பவருக்கும் வேறு பேச்சு வேண்டும்.

கேட்கும்போதே நியாயமாகப் படுகிறதல்லவா? உலகம் முழுக்கப் பரவியது. 1993இல் றோட் ஐலண்ட் ஆய்வாளர்கள் 756 புகைப்பவர்களை நான்கு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். ஒரு பிரிவுக்கு எல்லோருக்கும் பொதுவான கைநூல். இன்னொன்றுக்குப் படிநிலைக்கு ஏற்ற கைநூல். மூன்றாவதுக்கு அந்தக் கைநூலோடு, அவரவர் பதில்களை வைத்துக் கணினி எழுதிய அறிக்கையும். நான்காவதுக்கு இவையெல்லாவற்றோடும் ஆலோசகரின் தொலைபேசி அழைப்பும். பதினெட்டு மாதத்தில் கணினி அறிக்கைப் பிரிவு முன்னுக்கு நின்றது. பெரும்பாலான அளவீடுகளில் பொதுக் கைநூலைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். "இனி ஒவ்வொருவருக்கும் அவருக்கேயான திட்டம்" என்ற காலம் தொடங்கியது.

1994இல் விக்டர் ஸ்ட்ரெச்சரின் குழுவும் ஆளுக்கேற்ப எழுதிய கடிதங்களைச் சோதித்தது. பலன் கிடைத்தது, ஆனால் குறைவாகவும் நடுத்தரமாகவும் புகைப்பவர்களிடம்தான்.

*பாடசாலையில் தோற்ற திட்டம்*

ஆசிரியர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்க வேண்டும். அதே படிநிலைக் கணினித் திட்டத்தை இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாடசாலைகளில், 13–14 வயதுடைய எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். கணினி அமர்வுகளும் ஆசிரியர்கள் நடத்திய வகுப்புகளும் இருந்தன. 1999இல் முடிவு வந்தது. திட்டம் நடந்த பாடசாலைகளுக்கும் நடக்காத பாடசாலைகளுக்கும் இடையில் பயன் தரும் வித்தியாசம் எதுவும் இல்லை.

2005இல் ரொபட் வெஸ்ட் என்ற பிரித்தானிய ஆய்வாளர், இந்தப் படிநிலைக் கோட்பாட்டைக் கைவிடும் நேரம் வந்துவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். இன்று யோசிக்காதவர் என்று நாம் பெயர் வைத்த ஒருவர் நாளை காலை திடீரென்று விட்டுவிடுகிறார், அப்படி விட்டவர்கள் ஏராளம் என்பது அவரது வாதங்களில் ஒன்று. 2010இல் கொக்ரேன் அமைப்பு 41 ஆய்வுகளை, முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குபற்றுநர்களை, சேர்த்துப் பார்த்தது. ஒரே உதவியைப் படிநிலைப்படியும் படிநிலை இல்லாமலும் கொடுத்து நேரடியாக ஒப்பிட்ட நான்கு ஆய்வுகளில், படிநிலைப்படி கொடுத்ததற்குத் தெளிவான மேலதிக நன்மை எதுவும் இருக்கவில்லை.

ஆளுக்கேற்ற உதவி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆளுக்கேற்ப எழுதப்பட்ட பிரசுரங்களுக்கும் கடிதங்களுக்கும் சிறிய நன்மை இருப்பதை வேறு மீளாய்வுகள் காட்டின. ஆனால் அவற்றில் பலவற்றில் அந்த ஆட்களைத் தொடர்புகொண்ட தடவைகளும் கூடுதல். உதவியது கடிதத்தின் பொருத்தமா, திரும்பத் திரும்பக் கதவைத் தட்டியதா என்று பிரிப்பது கஷ்டம்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குத் "தனியாள் வேறுபாடு" என்று ஒரு பாடம் உண்டு. வகுப்பில் போய் நின்ற பிறகுதான் அதன் ஆபத்தும் புரியும். பிள்ளையை அறிவது வேறு, பிள்ளைக்குப் பெயர் வைப்பது வேறு. "இவன் மெல்லக் கற்பவன்" என்று எழுதிவிட்டால் அவனை அறிந்துவிட்டதாக நமக்கே ஒரு திருப்தி வந்துவிடுகிறது. படிநிலைத் திட்டங்களுக்கும் ஏறத்தாழ இதுதான் நடந்தது.

*கைக்குள் வந்த உதவி*

2005இல் நியூசிலாந்தில் 1705 பேரிடம் குறுஞ்செய்தித் திட்டம் ஒன்றைச் சோதித்தார்கள். விடும் நாளை அவரே தெரிவு செய்வார். அவருடைய விருப்பங்களுக்கு ஏற்ற செய்திகள் வரும். ஆறு கிழமையில் தாங்கள் விட்டிருப்பதாகச் சொன்னவர்கள், செய்தி பெற்ற பிரிவில் 28 வீதம், பெறாத பிரிவில் 13 வீதம். பழங்குடி மாவோரி மக்களிடமும் அதே அளவு பலன்.

2011இல் பிரித்தானியாவில் 5800 பேரிடம் இதே வழியைப் பெரிதாகச் சோதித்தார்கள். முதல் ஐந்து கிழமைக்கு நாளுக்கு ஐந்து செய்தி, பிறகு ஆறு மாதத்துக்குக் கிழமைக்கு மூன்று. ஆசை வரும் நேரத்தில் ஒரு சொல்லை அனுப்பினால் உடனே பதில் வரும். தவறிப் புகைத்துவிட்டால் அதற்கு இன்னொரு சொல், இன்னொரு பதில். ஆறு மாதத்தில் உமிழ்நீரைச் சோதித்து உறுதி செய்த கணக்கு: 10.7 வீதம். மற்றப் பிரிவில் 4.9 வீதம். இரண்டு மடங்குக்கும் மேல்.

இங்கே செய்தி ஆளுக்கு மட்டுமல்ல, நேரத்துக்கும் பொருந்தியது. அவர் தடுமாறும் அந்த ஐந்து நிமிடத்தில் பக்கத்தில் ஏதோ ஒன்று இருந்தது. தவறியவரைத் திட்டாமல் மறுபடி தொடங்க வைத்தது.

*மார்க்கத்தோடு இணைத்தால் மட்டும் போதுமா?*

நம்மில் பலர் கேட்கும் கேள்வி இது. பங்களாதேஷின் டாக்காவில் 45 பள்ளிவாசல்களைச் சேர்ந்த சுமார் 1800 வீடுகளில் ஓர் ஆய்வு நடந்து 2021இல் வெளியானது. நோக்கம் வீட்டுக்குள் புகைப்பதைக் குறைப்பது. இமாம்கள் மார்க்க உபதேசத்தோடு சுகாதாரச் செய்திகளையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு அவர்களது வீட்டுக் காற்றின் அளவீடும் சொல்லப்பட்டது. ஒரு வருடத்தின் பின் அளந்தபோது, திட்டத்தில் இருந்த வீடுகளின் காற்று மற்ற வீடுகளைவிடச் சுத்தமாகவில்லை.

இது நோவைத் தரும் முடிவுதான். ஆனால் அதை மறைப்பதால் நமக்கு நன்மை இல்லை. மார்க்கத்தின் மீதான மதிப்பு ஒரு மனிதனை விட வேண்டும் என்ற எண்ணத்துக்குக் கொண்டுவரலாம். எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் உடம்பின் தவிப்பு, சந்தியில் நிற்கும் கூட்டாளிகள், சாப்பிட்ட பின் வரும் அந்த நேரம் எல்லாம் இருக்கின்றன. மேடையிலிருந்து வரும் பேச்சு அங்கே போய்ச் சேருவதில்லை.

*எப்படி அளப்பது?*

2005இல் ரொபட் வெஸ்ட்டும் சகாக்களும் இந்த ஆய்வுகளை ஒப்பிட ஒரு பொது அளவுகோலை வைத்தார்கள். இரண்டு நிமிடப் பேச்சைச் சோதித்த அந்த வைத்தியரின் நினைவாக அதற்கு "ரஸல் தரம்" என்று பெயர். குறைந்தது ஆறு மாதம் விட்டிருக்க வேண்டும். வாய்ச்சொல் மட்டும் போதாது, பரிசோதனை வேண்டும். தொடர்பு அறுந்து போனவரைப் புகைப்பவராகவே எண்ண வேண்டும். இந்த அளவுகோலில் பார்த்தால் "நோன்பில் இருபது பேர் விட்டார்கள்" என்பது ஆரம்பம் மட்டும். அந்த இருபதில் எத்தனை பேர் ஹஜ்ஜுப் பெருநாளைக்கும், அதைத் தாண்டி ஆறாம் மாதத்துக்கும் வருகிறார்கள் என்பதுதான் கணக்கு.

*நமது நாட்டில், நமதூரில்*

இலங்கை 2003இல் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலை உடன்படிக்கையை ஏற்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விளம்பரத்தைத் தடை செய்தது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதைத் தடுத்தது. 2015 முதல் பெட்டியின் 80 வீதப் பரப்பில் எச்சரிக்கைப் படங்கள் வந்தன. அதே வருட தேசிய ஆய்வின்படி ஆண்களில் ஏறக்குறைய பத்தில் மூவர் புகைத்தார்கள். சட்டம் தன் வேலையைச் செய்கிறது. ஏற்கெனவே பிடிப்பவருக்குக் கைகொடுக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. தேசிய அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம்.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் இளைஞர் கழகங்களுக்கும் இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்து வைக்கும் ஐந்து விடயங்கள்:

1. பயானை நிறுத்த வேண்டாம். பயான் முடிந்ததும் "விட விரும்புகிறவர்கள் இந்த இருவரிடம் பேசுங்கள்" என்று சொல்லுங்கள். பெயர் வெளியே போகக் கூடாது.

2. யாரையும் "இவர் திருந்தமாட்டார்" என்று ஒதுக்க வேண்டாம். கேட்பது ஒன்றும் செலவில்லை. "காக்கா, விடப் பார்ப்பமா?" என்ற ஒரு வார்த்தை போதும்.

3. எழும்பி எத்தனை நிமிடத்தில் முதல் சிகரட் என்று கேளுங்கள். ஐந்து, பத்து நிமிடம் என்பவரைப் புத்திமதியோடு மட்டும் அனுப்ப வேண்டாம். வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். நிக்கோட்டின் மாற்று மருந்துகள் பற்றி அவர் தீர்மானிக்கட்டும்.

4. அவருக்குக் கஷ்டமான நேரம் எது என்று அவரிடமே கேளுங்கள். நோன்பு திறந்த பிறகா, தராவீஹ் முடிந்து சந்திக்குப் போகும்போதா, கடையில் கணக்குப் பார்க்கும்போதா? அந்த நேரத்துக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி, ஓர் அழைப்பு. ஐந்து பேருக்கு ஒருவர் பொறுப்பெடுத்தால் போதும்.

5. திகதி குறித்துத் திரும்பப் போங்கள். ஒரு கிழமை, ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம். தவறியவரிடம் "மறுபடி எப்போது தொடங்குவோம்?" என்று மட்டும் கேளுங்கள்.

பத்துப் பேர் ஆரம்பித்து ஆறாம் மாதம் இரண்டு பேர் நின்றாலும் தோல்வி என்று எண்ண வேண்டாம். டோலின் ஐம்பது வருட ஆய்வு 2004இல் சொன்ன கணக்கு இது: அறுபது வயதில் விட்டவருக்குச் சுமார் மூன்று வருட ஆயுள் மிச்சம். ஐம்பதில் விட்டால் ஆறு, நாற்பதில் விட்டால் ஒன்பது, முப்பதில் விட்டால் பத்து வருடம். ஆயுளும் மரணமும் அல்லாஹ்வின் நாட்டம். நம் கையில் இருப்பது முயற்சி. அந்த இரண்டு பேரின் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாப்பா இன்னும் ஒன்பது வருடம் கூட இருப்பது என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும்.

இம்முறை பதாதைக்கு ஒதுக்கிய காசில் பாதியைத் தொலைபேசி அழைப்புகளுக்கு ஒதுக்குவோமா? நிர்வாக சபைகளில் இருப்பவர்கள் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். ஏற்கெனவே விட்டவர்கள், எந்த நேரம் கஷ்டமாக இருந்தது, எது கைகொடுத்தது என்று எழுதினால் இன்று முயற்சிப்பவருக்கு அது பெரிய உதவி.